மேல்மாடி ‘வேணாம்’ அக்கா

என் கடைக்குப் பக்கத்தில் மேல்மாடிக்குப் போகிற மரப்படியில் பதினாலு படி. பதுளை பஜாரில் இருபத்திரண்டு வருஷமாகப் பூசைச் சாமான் விற்றுக்கொண்டு அந்தப் படியின் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இறங்குகிற காலடியைக் கேட்டே, ஆள் கையில் சாமானோடு வருகிறாரா வெறுங்கையோடு வருகிறாரா என்று சொல்லிவிடுவேன். சாமானோடு வருகிறவர் ஒவ்வொரு படியாகப் பார்த்து மிதிப்பார். வெறுங்கைக்காரர் தடதடவென்று இறங்குவார்.

இப்போது மேலே போன் கவர் விற்கிறார்கள். எல்லோரும் பையோடு, மெதுவாக இறங்குகிறார்கள். அதற்கு முந்தி ஏழு வருஷம் அங்கே அந்த அக்கா கம்பியூட்டர் கடை வைத்திருந்தார். அந்த ஏழு வருஷமும் படி தடதடவென்றுதான் கிடந்தது.

அவருக்கும் ஒரு பேர் இருந்தது. கடைப் பலகையில் எழுதியும் இருந்தது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் பஜாரில் யாருக்கும் தெரியாது. ‘வேணாம் அக்கா’ என்று கேட்டால் பஸ் நிலையத்து வெற்றிலைக் கடைக்காரர்கூட எழுந்து நின்று வழி காட்டுவார். கம்பியூட்டர் பழுது பார்ப்பதும், அதற்கு வேண்டிய சாமான்கள் விற்பதும் அவர் தொழில். முதலாவதைச் செய்தார். இரண்டாவது அநேகமாக நடக்கவே இல்லை. யார் எதை வாங்க வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது ‘வேணாம்’தான். கோபமாகச் சொல்லமாட்டார். பந்தியில் சோறு வைக்க வருகிறவரிடம் போதும் என்று இலைக்கு மேலே கையைக் காட்டுகிறோமே, அந்த மாதிரி கையைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் சிரித்தாற்போல் சொல்லுவார்.

கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஒருநாள் மேலே போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் தடதடவென்று இறங்கி வந்து என் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“என்னங்கையா, வாங்கலையா?” என்றேன்.

“வாங்கத்தான் வந்தனான். அந்தப் பிள்ளை விடேல்ல. பழசின்ர வயித்தைத் திறந்து, என்னமோ ஒரு சின்னச் சாமானை மாத்திப்போட்டு, இன்னும் மூண்டு வருசம் ஓடும், போங்கோ எண்டுது. உது யாவாரமோ, தர்மமோ, நீர் சொல்லும் பாப்பம்.”

அவரே ஒரு பெட்டி ஊதுபத்தியும் ஒரு கற்பூரப் பக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனார். ஏதாவது வாங்குவது என்று வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மனசு வருமா. அக்கா மேலே வேணாம் என்று சொன்னதில் பாதி, கீழே என் கடையில் ஊதுபத்தியாக மாறியது. முருகன் எந்த வழியில் கொடுப்பான் என்று நமக்குத் தெரியாது.

ஆளைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். குள்ளம். பாவாடைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருப்பார். இறுக்கிக் கட்டின கொண்டையில் மற்றப் பெண்கள் பூ வைக்கிற இடத்தில் ஒரு சின்ன டோர்ச் லைட்டைச் செருகியிருப்பார். சட்டைப் பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் அடிக்கிற பிரஷ் ஒன்று. தூசு தட்ட. கம்பியூட்டரைத் திறந்ததும் முதலில் புறங்கையை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்சநேரம் சும்மா வைத்திருப்பார். காய்ச்சல் பிள்ளைக்குக் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பதைப்போல.

“ஏன் தங்கச்சி புறங்கை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உள்ளங்கை காய்ச்சுப் போச்சுண்ணே, அதுக்குச் சூடு தெரியாது. எங்கப்பா மடுல்சீமையில தேயிலை ஃபெக்டரியில அடுப்புப் பக்கம் நின்னவரு. அவரு புறங்கையத்தான் வைப்பாரு. மீட்டர் பொய் சொல்லும், தோலு சொல்லாதும்பாரு.”

அவரைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் கம்பியூட்டர் வரைக்கும் எப்படி வந்தார் என்று கேட்டால், “பஸ்ஸுலதான்” என்பார்.

என் வீட்டுக்காரிக்கு அவர்மேல் ஒரு கரிசனம். ஹல்துமுல்லையில் கடை வைத்திருந்த, பெண்சாதியை இழந்த ஒரு மனிதருக்கு அவரைக் கலியாணம் பேசலாம் என்று நினைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு நேரே மேலே ஏறினாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கீழேயே கேட்டது.

“வேணாம்க்கா.”

“ஆளையே பாக்கல, அதுக்குள்ள வேணாமா?”

“நீங்க சொன்னதுல இருந்தே தெரியுது. காலையில சாப்பாடு, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி சாப்பாடுன்னு மூணு வாட்டி சொன்னீங்க. அவருக்கு வேணுங்கிறது ஒரு ரைஸ் குக்கரு. நல்லதாப் பாத்து நானே எடுத்துக் குடுக்கிறேன். என்னைய எதுக்கு வீணாக்கணும்.”

என் வீட்டுக்காரி தடதடவென்று இறங்கி வந்தாள். மூன்று நாள் மேல்மாடிப் பேச்சையே எடுக்கவில்லை. நாலாம் நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தன்னாலே சிரித்தாள்.

எனக்கும் அவர்மேல் ஒரு குறை இருந்தது. மறைக்கவேண்டியதில்லை. காலை எட்டரைக்குக் கடை திறந்ததும் நான் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, கடை முழுக்கக் காட்டி, படியடி வரைக்கும் கொண்டுபோவேன். புகை மேலே ஏறும். பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் வந்து கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் இறங்கி வரமாட்டார். அந்த நேரம் மேலே சர்சர் என்று ஒரு சத்தம் கேட்கும். ஏதோ இழுக்கிற மாதிரி. ஒன்பது மணிக்கு மறுபடி கேட்கும். சாமி நேரத்தில் கூட்டிப் பெருக்குகிற பிள்ளை, பக்தி கொஞ்சம் குறைவுதான் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இனி என் மகள் விஷயம்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. ஹாலிஎலயில் எங்கள் வீடு. அவள் பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் கம்பியூட்டரில் கட்டிடம் வரைகிற வேலையைப் பதுளையிலேயே படித்தாள். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி, ஜன்னலில் வெயில் விழுவது முதற்கொண்டு காட்டுவாள். கொழும்பில் ஒரு கம்பெனி அவளுக்குத் துண்டு துண்டாக வேலை கொடுத்தது. கம்பியூட்டரை மேல்மாடி அக்காவிடம்தான் எடுத்தேன். நான் கேட்ட பெரியதை வேணாம் என்று சொல்லிச் சின்னதாக ஒன்று கொடுத்தார். ஏழு வருஷத்தில் அந்தப் படியில் மெதுவாக இறங்கின சில பேரில் நானும் ஒருவன்.

அதைச் சாமி அறையில் வைத்தேன். வீட்டிலேயே சுத்தமான இடம் அது. செருப்புக் கால் படாது, சாப்பாட்டுக் கை படாது. மகளுக்குத் தொழில் கொடுக்கிற சாமான் முருகன் பார்வையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மகள் தேவாரம் படிக்க, நான் சாம்பிராணி காட்டுவேன். முதல் புகை முருகனுக்கு, அடுத்தது கம்பியூட்டருக்கு. கடையில் இருக்கிற முதல் தரச் சாம்பிராணியை வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைப்பேன்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு அது நடுவேலையில் நிற்கத் தொடங்கியது. மகள் படத்தை வரைந்து முடித்ததும், கம்பியூட்டர் அதை நிஜம் மாதிரி ஆக்க இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். அடுப்பில் ஏற்றின சோறு மாதிரி, அது வேகும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். முக்கால் வேக்காட்டில் படக்கென்று அணைந்துவிடும். எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். இரண்டு வேலை நேரத்துக்குப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழும்புக் கம்பெனி கேட்டது. இங்கே வந்து எங்களோடு இருந்து வேலை செய்கிறாயா, அல்லது வீட்டிலிருந்தே தவறாமல் முடித்துக் கொடுக்க முடியுமா, இரண்டு கிழமைக்குள் சொல் என்று.

வீட்டிலிருந்தே செய்வாள் என்று நானே வீட்டில் முடிவு சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கொழும்பில் போர்டிங்கில் என் பிள்ளை தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் வெள்ளிக்கிழமை தேவாரம் யார் படிப்பது. எனக்கு எட்டாம் வகுப்போடு சரி, ஏட்டைப் பார்த்தால் எழுத்துத் தடுக்கும்.

“உனக்கு என்ன வேணும் சொல்லு. அது நிக்காம ஓட என்ன வேணும்?” என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “லிக்விட் கூலிங் போட்டா நிக்காதுன்னு சொல்றாங்கப்பா” என்றாள்.

அது என்னவென்று போனில் காட்டினாள். பெட்டிக்குள்ளே குழாய் ஓடுகிறது. குழாய்க்குள்ளே தண்ணீர் மாதிரி ஒன்று ஓடிச் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. கோவில் திருவிழா மாதிரி சிவப்பும் நீலமுமாக லைட். கரண்ட் சாமானுக்குள் தண்ணீரா என்று போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். சாமிக்குத்தான் அபிஷேகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் பிள்ளை வீட்டோடு இருக்க அதுதான் வழியென்றால், பதுளை ஓயா ஆற்றையே திருப்பி அதற்குள் விடத் தயாராக இருந்தேன்.

மறுநாள் பதினாலு படியும் ஏறினேன்.

“தங்கச்சி, மகளுக்குத் தண்ணி கூலிங் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

“வேணாம்.”

“முழுசாக் கேளுங்க முதல்ல.”

“கேட்டேண்ணே. வேணாம்.”

நான் விடவில்லை. கம்பெனி கேட்டதைச் சொன்னேன். இரண்டு கிழமைத் தவணையைச் சொன்னேன். சாமி அறையில் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் பூசை செய்தும் நிற்கிறது என்று சொன்னேன். “அது போட்டாத்தான் பிள்ளை வீட்டோட இருந்து வேலை செய்ய முடியும். இல்லாட்டி கொழும்புக்குப் போயிருவா” என்றேன்.

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“லிக்விட் கூலிங்னு பிள்ளையா சொல்லிச்சு?”

“அவளேதான் சொன்னா.”

திருப்புளியை மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார். வழக்கமாக அவர் யோசிக்கிற ஆள் இல்லை. பிறகு, “வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்கிறேன். நீங்க எப்பவும் போல பூசையப் பண்ணுங்க. எனக்காக எதையும் மாத்த வேணாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஹாலிஎல பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்றைக்கென்று இன்னும் ஒரு கட்டி சாம்பிராணி கூடவே போட்டேன். பக்தி குறைந்த பிள்ளை, பார்க்கட்டும் என்ற எண்ணம். மகள் படித்தாள். அவர் நிலைக்கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் நின்றார். நான் தூபக்காலை முருகனுக்குக் காட்டி, அப்படியே கம்பியூட்டருக்குக் கொண்டுபோனபோது அவர் தலை மட்டும் கூடவே திரும்பியது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விபூதியைத் துளி எடுத்து, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்குப் பூசிக்கொண்டார்.

அதன் பிறகு கொண்டையிலிருந்து டோர்ச்சை எடுத்து, பெட்டியின் பக்கத்தைத் திறந்தார்.

முதலில் ஏழு அரிசி வந்தது. மஞ்சள் தடவின அட்சதை. பிறகு காய்ந்த செவ்வந்தி இதழ் இரண்டு. ஒரு காகிதத்தில் அவற்றைப் பத்திரமாக எடுத்து, “பிரசாதம்” என்று என் மகள் கையில் கொடுத்தார். பிறகு பிரஷ்ஷை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். காற்றாடிக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடையாகப் பெயர்ந்து வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

முகர்ந்தேன். “நம்ம கடைச் சரக்கு. முதல் தரம்” என்றேன். வாயை விட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

மகள் சிரித்தாள். என் வீட்டுக்காரி சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“இது மூச்சு விடுற மூக்குண்ணே. ரெண்டு வருஷமா இதுல துணி அடைச்ச மாதிரி இருந்திருக்கு. அதான் மயங்கி மயங்கி விழுது.”

“அப்ப தண்ணி போட்டா இந்தத் தொல்லை வராதுல்ல?” நான் அதிலேயே நின்றேன்.

“வரும். தண்ணி சூட்டத் தூக்கிக்கிட்டுப் போயி ஒரு ஓரத்துல குடுக்கும். அந்த ஓரத்துல மறுபடியும் ஃபேனுதான் நின்னு ஊதணும். அந்த ஃபேனுலயும் உங்க சாம்பிராணி ஒட்டும். அதுபோக, ஃபேன் நின்னா பஜார்ல இன்னொண்ணு எடுக்கலாம். தண்ணிய ஓட்டுற பம்பு நின்னா கொழும்புல இருந்து வரணும். வர்ற வரைக்கும் பிள்ளை கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்.”

“சரி, அப்ப பெரிய ஃபேன் ஒண்ணாவது போடுங்க.”

“வேணாம். சின்னதாவே இருக்கட்டும்.”

எனக்கு உள்ளே ஒன்று நெருடியது. தண்ணீர் கிடக்கட்டும். “அப்ப நான் இனிமே சாம்பிராணி போடக் கூடாதா தங்கச்சி?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சாமிக்குப் போடறத வேணாம்னு சொல்ல நான் யாருண்ணே. மெஷினத் தூக்கி முன் ரூமுல ஜன்னல் பக்கம் வைங்க. அவரு இடத்துல அவரு, இது இடத்துல இது.”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. “கடையில? தினமும் புகை மேல வருமே. அங்க மெஷினெல்லாம் தெறந்து கிடக்குமே?”

“எட்டரைக்கு எல்லாத்தையும் பழைய சீலையால மூடிருவேன். ஒம்பதுக்கு எடுத்துருவேன். அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு, திருகாணியைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்.

சர்சர் என்று இத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம் அதுதான். பஜார் முழுவதுக்கும் வேணாம் சொன்ன வாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் முருகனைப் பார்த்தேன். அவன் பின்னால் சுவர் புகைக் கறுப்பில் பளபளவென்று இருந்தது.

கம்பியூட்டரை முன் அறைக்கு மாற்றினோம். மகள் அதே படத்தை ஏற்றினாள். மூன்று மணி நேரம் வெந்தது, நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், புறங்கையால். இளஞ்சூடு. நான் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். தவணைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இனிக் கொழும்பாவது ஒன்றாவது.

தேங்காய் மூடியும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, படியேறினேன். என் காலே தடதடவென்றது.

“தங்கச்சி, நீங்க வேணாம்னு சொன்னதே நல்லதாப் போச்சு. இனிமே பிள்ளை கொழும்புக்குப் போக வேணாம், என்ன?”

கேட்டுவிட்டு நிம்மதியாக நின்றேன். பதுளையிலேயே ‘வேணாம்’ கிடைப்பதற்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது.

அவர் தேங்காய் மூடியை வாங்கி ஓரமாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“போகட்டும்ண்ணே” என்றார்.

அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“நீங்க தண்ணி கூலிங் கேட்டு வர்றதுக்கு நாலு நாள் முந்தி பிள்ளை இங்க வந்திச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிச்சு. அக்கா, இத ரயில்ல கொழும்புக்குக் கொண்டு போனா ஒண்ணும் ஆகாதான்னு.”

“என்கிட்ட ஏன் சொல்லல அவ?”

“நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான். பஜாருக்கு நான் வேணாம் அக்கா. வீட்டுக்கு நீங்க வேணாம் அப்பா.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீங்களாவது அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“அது பிள்ளையோட பேச்சு, அத நான் எப்படிச் சொல்றது. மெஷினுக்கு என்ன வேணுமோ அத மட்டும் சொன்னேன். குழாயையும் தண்ணியையும் மாட்டினா அப்புறம் அத அசைக்கவே பயமா இருக்கும். பெரிய ஃபேனு பாரம், ரயில் ஆட்டத்துல உள்ள இருக்கிற போர்டையே பிச்சிரும். பயணம் போற சாமான் லேசா இருக்கணும்ண்ணே.”

இறங்கும்போது மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெறுங்கையோடு அவ்வளவு மெதுவாக அந்தப் படியில் இறங்கினவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

வீட்டில் மகள் கறிக்குப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் நாலைந்தை உரித்தேன்.

“போறியா?” என்றேன்.

அவள் எங்கே என்று கேட்கவில்லை. “வெள்ளிக்கிழமை போன்ல படிக்கிறேன்ப்பா. ஸ்பீக்கர்ல போட்டு முருகன் பக்கத்துல வைங்க. போனுக்குப் புகை காட்டாதீங்க.”

“அப்ப எதுக்குப் பிள்ளை அந்தத் தண்ணி கூலிங்க சொன்ன?”

“கரண்டுக்குள்ள தண்ணியான்னு நீங்க பயந்து வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்ப போறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க சரின்னு கெளம்பிட்டீங்க.”

என் ஆயுசில் நான் யோசிக்காமல் ‘சரி’ என்று சொன்னது அந்த ஒன்றுக்குத்தான். அதுவும் அவளைக் கட்டிப்போட. அன்றைக்கு முருகன் முன்னால் கொஞ்சநேரம் கூடுதலாக நின்றேன். என்ன வேண்டினேன் என்று இப்போது நினைவில்லை. மன்னிப்புத்தான் கேட்டிருப்பேன்.

பயணத்தன்று ஹாலிஎலயில் ஏறினால் இடம் கிடைக்காது என்று, ரயில் புறப்படுகிற பதுளை ஸ்டேஷனுக்கே காலையில் ஓட்டோவில் வந்தோம். அக்கா கடையைத் திறக்காமல் எங்களுக்கு முன்னே வந்து நின்றார். கம்பியூட்டரைத் தன் கையாலேயே ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிவரப் பழைய சீலையைத் திணித்து, நைலோன் கயிற்றால் கட்டினார். அந்தச் சீலையில் என் கடை வாசம் அடித்தது.

மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். நான் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த கோவில் விபூதியை எடுத்தேன். பழக்கதோஷம், கை நேரே பெட்டியின் பக்கம் போனது. பாதி வழியில் நிறுத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் என் கையைப் பிடித்து மகளின் நெற்றிப் பக்கம் திருப்பிவிட்டார்.

“இங்க வைங்கண்ணே. இதுல ஃபேன் இல்ல.”

மகள் சிரித்தாள். பூசினேன். நெற்றி நிறையப் பூசினேன். ரயில் ஊதிக்கொண்டு நகர்ந்தது. வளைவு வரைக்கும் அவள் கை வெளியே தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தன்பாட்டில் வழிந்தது. சால்வையால் துடைக்கத் துடைக்க வந்தது. பக்கத்தில் நின்ற அக்கா அதைப் பார்த்தார். இப்போது கையைக் காட்டிக்கொண்டு, வேணாம்ண்ணே என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை.